எனக்கு வேணும்

கரையில் கேட்ட குரல் – 14

கொச்சித் துறைமுகப் பாலத்துக்கு அருகே, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளில் கணிசமானவை தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டவை. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று குமரி மாவட்டத்தின் மேற்கோரத்தில் ஒட்டிக் கிடக்கும் எட்டு ஊர்க்காரர்களின் படகுகள் அவை. 1978-ல் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகத்தைத் தங்கள் இரண்டாவது ஊராகவே அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள். சூறையும் சுறாவும் இங்கேதான் இறங்கும். ஏலமும் டீசலும் ஐஸும் இங்கேதான். படகின் நெற்றியில் ஒரு புனிதரின் பெயர் இருக்கும். சக்கர அறைக்குள் எட்டிப் பார்த்தால் திசைகாட்டும் கருவிக்கு மேலே மாதா படமோ சவேரியார் படமோ, அதைச் சுற்றி ஒரு ஜெபமாலை. இந்தப் படம் அங்கே வந்த வழியைத் தேடிப் போனால், கதை சுற்றிச் சுற்றிக் கொச்சிக்கே வந்து நிற்கிறது. சென்ற வாரம் மட்டாஞ்சேரியில் 1653 ஜனவரி 3 அன்று நடந்த கூனன் குரிசு சத்தியத்தைப் பார்த்தோம். அங்கே சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் தங்களைத் தோமாவின் பிள்ளைகள் என்று நம்பிய பழைய கிறிஸ்தவர்கள். அதற்கு நூறாண்டுக்கும் முன்னால், இதே கொச்சிக்குத் தமிழ்க் கடற்கரையிலிருந்து தோணியேறி வந்தவர்கள் அப்படி எந்தப் பழம்பெருமையும் இல்லாதவர்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது.

மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரம் மூன்று காரியங்களை அடுத்தடுத்து வைக்கிறது. இருளில் கிடந்த கடலோர மக்கள்மேல் ஒளி உதித்தது என்ற ஏசாயாவின் பழைய வாக்கு முதலில் வருகிறது. மனந்திரும்பச் சொல்லும் இயேசுவின் அறிவிப்பு அடுத்தது. உடனே கலிலேயக் கடலோரத்தில் சீமோன், அந்திரேயா, யாக்கோபு, யோவான் என்ற நான்கு மீன்பிடிகாரர்களுக்கு வந்த அழைப்பு. ஒளி, திரும்புதல், பின்செல்லுதல் என்ற இந்த வரிசையைத்தான் பிரசங்கிகள் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழில் நமக்கு வாய்த்த சொல்லும் நல்ல சொல். பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு ‘மனந்திரும்புதல்’ என்கிறது. இன்று கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு ‘மனம் மாறுதல்’ என்கிறது. முன்னதில் ஒரு திசை இருக்கிறது, பின்னதில் ஒரு நிலை இருக்கிறது. எனக்கு முன்னதுதான் பிடிக்கும். கடல்காரனுக்கும் அதுதான் சட்டென்று புரியும், ஏனென்றால் படகு மாறுவதில்லை, திரும்புகிறது. திரும்புவதற்கு நேரமும் பிடிக்கும். ஆனால் அந்த நான்கு பேரும் வலையை விட்டுவிட்டு உடனே பின்சென்றார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். தமிழ்க் கடற்கரையில் வேதத்தில் சேர்ந்த பரதவரும் முக்குவரும் வலையை விடவில்லை. வலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சேர்ந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அப்படியானால் அழைப்புக்கு அவர்கள் தந்த பதில் பதில்தானா? இந்த வாரக் கேள்வி இது.

நடந்ததை முதலில் பார்ப்போம். 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கும் முத்துக்குளிப்பைக் கைக்குள் வைத்திருந்த இசுலாமிய வணிகர்களுக்கும் பெரும் பகை மூண்டது. ஒரு பரதவரின் காதிலிருந்த கடுக்கனைக் காதோடு பிய்த்தெறிந்ததுதான் தீப்பொறி என்று சேசு சபையார் பின்னாளில் எழுதிவைத்தார்கள். எதிர்த்தரப்பின் வாய்மொழி நம் கையில் இல்லை என்பதால் அதை ஒருதரப்புக் கதையாகவே வைத்துக்கொள்வோம். அந்தச் சமயத்தில் குமரிமுனைப் பக்கம் குதிரை வியாபாரத்துக்காக வந்திருந்தவர் ஜான் தக்ரூஸ். கள்ளிக்கோட்டைக்காரர், அவ்வூர் மன்னர் சாமூதிரியால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே திருமுழுக்குப் பெற்றுத் திரும்பியவர். போர்த்துக்கீசியரின் துணை வேண்டுமானால் அவர்கள் வேதத்தில் சேருங்கள் என்று பரதவத் தலைவர்களுக்கு யோசனை சொன்னவர் அவர்தான். முதலில் பதினைந்து பேர் கொச்சிக்கு வந்தார்கள். அடுத்து எழுபது பேர். ஆக 85 பட்டங்கட்டிகள், அதாவது ஊர்த்தலைவர்கள், கொச்சியில் தண்ணீர் வாங்கினார்கள். பிறகு குருக்கள் கப்பற்படையோடு முத்துக்குளித்துறைக்குப் போனார்கள். ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது. ஏறத்தாழ 20,000 பேர் என்பது திருச்சபை மரபில் வழங்கும் கணக்கு. வழிகாட்டியின் பெயரையே ஞானப்பெயராக எடுத்துக்கொண்டவர்கள் பலர். பரதவரின் சாதித் தலைவர் குடும்பத்தில் தக்ரூஸ் என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டு வரை நிலைத்திருந்தது.

இதைப் பேரம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பேரம்தான். ஒரு பக்கம் படை, மறு பக்கம் ஞானஸ்நானம், நடுவில் முத்து. போர்த்துக்கீசியருக்கும் இதில் பெருத்த ஆதாயம். முத்துக்குளிப்பின் வரி அவர்கள் கைக்கு வந்தது, தென்கடலில் ஒரு விசுவாசமான மக்கள்கூட்டம் கிடைத்தது. 1538-ல் வேதாளையில் சாமூதிரியின் கப்பற்படையை அவர்கள் முறியடித்தபோது, பேரத்தின் ஒரு பாதி நிறைவேறியும் விட்டது. மறு பாதியின் கதிதான் சிரிப்பை வரவழைக்கிறது. திருமுழுக்குக் கொடுத்தவர்கள் கப்பலேறிப் போனபின் ஆறு ஆண்டுகளுக்கு அந்த ஊர்களில் கற்பிக்க ஆள் கிட்டத்தட்ட இல்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து, என்ன விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டபோது கிடைத்த பதிலை அவரே ரோமுக்கு எழுதியிருக்கிறார்: நாங்கள் கிறிஸ்தவர்கள், போர்த்துக்கீசிய மொழி தெரியாததால் எதை விசுவசிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. இதைவிட நேர்மையான பதிலைச் சொல்ல இன்றைக்கு எத்தனை பேரால் முடியும் என்று தெரியவில்லை. பேரம் என்பவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் கதையை மூடிவிடுகிறார்கள். சரியாக இந்த இடத்தில்தான் அது தொடங்குகிறது என்பது என் கட்சி.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் மன்றாட்டுகளையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாகப் போனார். மொழிபெயர்ப்பு எப்படி இருந்திருக்கும்? அதற்கு ஒரு தடயம் மிஞ்சியிருக்கிறது. கூட வேலைசெய்த பிரான்சிஸ்கோ மன்சிலாஸுக்கு 1544-ல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவருகிறோமே, அதில் ‘வேணும்’ என்பதை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடுங்கள். முன்னதற்கு ஆசைப்படுகிறேன் என்று பொருள், பின்னதற்கு நம்புகிறேன் என்று பொருள். கடிதத்தின் கருத்து இதுதான். அதாவது ஒன்றரை ஆண்டுக் காலம், மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும், கடற்கரை மணலில் கூடிய பிள்ளைகளும் பெரியவர்களும் கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதற்குப் பதில், கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லியிருக்கிறார்கள். சவேரியார் இறையியல் படித்தவர், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்காரர். திருத்தியது முறைதான். ஆனால் அந்தத் தப்பான பிரமாணம் அந்த மக்களின் நிலைமையைச் சரியாகச் சொல்லியது என்றே நினைக்கிறேன். ஒளியை நோக்கித் திரும்புகிறவன் முதலில் சொல்வது ‘வேணும்’ என்பதைத்தான். நம்பிக்கை அதன்மேல் ஏறி உட்காருகிறது, சில சமயம் ஒரு தலைமுறை கழித்து. தோப்பும்படி ஏலக்கூடத்தில் இன்றும் தமிழனும் மலையாளியும் மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் புரிந்துகொள்ளும் சொற்களில் இதுவும் ஒன்று: இவனுக்கு வேணும், அவனுக்கு வேணம்.

வேண்டியது கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? பேரம் மட்டுமே என்றால், சரக்கு வராதபோது ஒப்பந்தம் முறிந்திருக்க வேண்டும். சோதனை சீக்கிரமே வந்தது. 1544-ல் விஜயநகரத்தின் வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது மக்கள் குமரிமுனைப் பக்கத்துப் பாறைத் தீவுகளில் ஒதுங்கிப் பசியிலும் தாகத்திலும் செத்தார்கள். சவேரியார் இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு போனார். காவலுக்கு வந்திருக்க வேண்டிய போர்த்துக்கீசியப் படை வரவில்லை. தூத்துக்குடியின் போர்த்துக்கீசியத் தலைவன் கோஸ்மே தெ பைவாவோ, மக்களைக் காப்பதை விட்டுவிட்டுத் தன் குதிரை வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் சவேரியாரின் கடிதங்களில் கொட்டும் கோபம் சாதாரணமானதல்ல. காப்பாற்றுவார்கள் என்று யாரை நம்பிச் சேர்ந்தார்களோ, அவர்களே கொள்ளைக்காரர்களாக நின்ற ஆண்டு அது. அந்த ஆண்டிலேயே, நவம்பர் டிசம்பரில், திருவிதாங்கூர்க் கடற்கரையின் முக்குவர் ஊர்கள் வேதத்தில் சேர்ந்தன. ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகச் சவேரியார் 1545 ஜனவரி 27 அன்று எழுதிய கடிதம் கொச்சியிலிருந்து போனதுதான். முக்குவருக்கும் அரசியல் கணக்குகள் இருந்திருக்கும். மன்னரின் அனுமதியோடு நடந்த காரியம் அது. ஆனால் போர்த்துக்கீசியர் காப்பாற்றிவிடுவார்கள் என்ற கணக்கு மட்டும் அந்த வருடம் யாருக்கும் எளிதில் வந்திருக்காது.

அடுத்தது மொழி. மணியடித்துச் சொல்லிக்கொடுத்த மனப்பாடம் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ் அதைப் புரிந்துகொண்டவர். யூத வழிவந்த குடும்பம் என்பதால் சொந்த நாட்டுத் துறவிகளிடமே சந்தேகப் பார்வையை வாங்கியவர். அவருக்குத் தமிழ் மண்ணில் கிடைத்த மரியாதை வேறு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கரையிலேயே இருந்து, 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது, 16 பக்கங்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 14 அன்று கிரிசித்தியானி வணக்கம் கொச்சியில் அச்சானது. குருவும் சீடனும் கேட்டுச் சொல்லும் கேள்வி பதிலாக, 120 பக்கங்கள். இந்த அச்சு வேலைக்குப் பரதவர்களே பணம் திரட்டித் தந்தார்கள். எண்ணிப் பாருங்கள். எதை விசுவசிக்க வேண்டும் என்று தெரியாது என்று 1542-ல் சொன்னவர்களின் பிள்ளைகள், 37 ஆண்டுகளில், அதைச் சொந்த மொழியில் அச்சிட்டுக் கையில் வாங்கக் காசு கொடுக்கிறார்கள். பாதுகாப்புக்காக மட்டும் சேர்ந்தவனுக்குப் புத்தகம் எதற்கு? அப்பன்மார் தண்ணீர் வாங்கிய அதே கொச்சியில் பிள்ளைகளுக்கான புத்தகம் அச்சேறியதை நம் அச்சு வரலாற்றாசிரியர்கள் தேதியாகக் குறித்துவைத்ததோடு நின்றுவிட்டார்கள். அந்தத் தேதிக்குள் ஒரு மனந்திரும்புதலின் கணக்கு இருக்கிறது.

ஆனாலும் எனக்கு வலுவாகப் படும் சாட்சி டச்சுக்காரர் காலத்தில் இருக்கிறது. 1658-ல் தூத்துக்குடியும் 1663-ல் கொச்சியும் டச்சுக் கம்பெனியின் கைக்குப் போயின. கொச்சிக் கோட்டைக்குள் புனித பிரான்சிஸ் ஆலயம் சீர்திருத்த சபையாரின் கோயிலானது. சாந்தா குரூஸ் பேராலயம் ஆயுதக் கிடங்கானது. முத்துக்குளிப்பும் அவர்கள் பிடியில். 1535-ல் செய்த அதே கணக்கை இப்போது போட்டால் விடை எளிது: ஆள்கிறவனின் வேதத்துக்கு மாறிவிட வேண்டும். தூத்துக்குடிக்குப் போதிக்க வந்த பல்தேயுஸ் பாதிரியார் பரதவரின் பிடிவாதத்தைக் கண்டு சலித்துத் தன் நூலில் எழுதினார். கோயில்கள் பறிபோனபின் டச்சு எல்லைக்கு வெளியே போய்க் குருக்களைச் சந்தித்துப் பூசை கண்டார்கள் அந்த மக்கள். இதற்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்தை வைத்துப் பாருங்கள். அதே கம்பெனி, அதே பல்தேயுஸ், அதே தமிழ். அங்கே உத்தியோகத்துக்குச் சீர்திருத்த சபைத் திருமுழுக்கு தேவை என்று ஆக்கினார்கள். சபைப் பதிவேட்டில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. 1796-ல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் ஒழிந்ததும் அந்தக் கூட்டம் சில ஆண்டுகளில் கரைந்துபோயிற்று; சைவத்துக்குப் போனவர்கள் போக, மற்றவர்கள் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார்கள். பேரத்தால் மட்டும் வந்த வேதம் பேரம் முடிந்ததும் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணப் பதிவேடு உதாரணம். முத்துக்குளித்துறையில் பேரம் 1658-ல் முடிந்தது. வேதம் முடியவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. தள்ளிவிடக்கூடிய மறுப்பும் அல்ல. அவர்கள் பிடித்துக்கொண்டது கிறிஸ்துவை அல்ல, சாதியை என்பது அது. தென்னிந்தியக் கிறிஸ்தவத்தை ஆராய்ந்த சூசன் பெய்லி 1989-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பார்வைக்கு விரிவான ஆதாரங்கள் உண்டு: பரதவருக்குக் கத்தோலிக்கம் அவர்கள் சாதியின் மதமாகவே ஆகிவிட்டது, சாதித் தலைவரும் மாதா தேரும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. உண்மை. இன்னும் கசப்பான உண்மையும் உண்டு. பரதவரும் முக்குவரும் ஒரே பலிபீடத்தின் முன் நின்றும் பெண் கொடுத்து எடுக்காமல் இருந்தார்கள். கொச்சியின் லத்தீன் கத்தோலிக்கரிடையே எழுநூற்றிக்காரர், அஞ்ஞூற்றிக்காரர் என்ற பிரிவுகள் நெடுங்காலம் நீடித்தன. ஒளி எல்லா மூலையிலும் விழவில்லை. இதை மறைத்துவிட்டு அழைப்பைப் பற்றிப் பேசினால் அது பேச்சு அல்ல, பூச்சு. ஆனால் மறுப்பின் அடியில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது. மனந்திரும்புதல் என்றால் தனியாளின் நெஞ்சுக்குள் தனியாக நடப்பது மட்டுமே, கூட்டமாகத் திரும்பினால் அது கணக்கில் வராது என்ற நினைப்பு. அப்போஸ்தலர் பணிகள் நூல் அப்படி நினைக்கவில்லை. கொர்னேலியு வீட்டாரோடு சேருகிறான். பிலிப்பி ஊர்ச் சிறைக்காவலன் குடும்பத்தோடு சேருகிறான். ஒருவன் கடலுக்குப் போனால் ஊரே கரையில் காத்திருக்கும் தொழிலில், தனியாகத் திரும்புவது என்றால் என்னவென்றே தெரியாது.

தனியாளின் திருப்பத்துக்கு நம் கரைப்பக்கத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. நட்டாலம் நீலகண்ட பிள்ளை, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். படித்தவர், அரண்மனை உத்தியோகஸ்தர், தனியாக முடிவெடுத்தவர். அவர் பதிலில் யாரும் பேரம் காண்பதில்லை. அவர் திரும்பத் தொடங்கிய இடம் எது? மாடும் பயிரும் நட்டப்பட்டு மனமுடைந்து கிடந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறது அவர் வரலாறு. அவருக்கும் முதலில் ஒரு ‘வேணும்’ இருந்தது. பிள்ளைக்கு வந்த நட்டம் ஆன்மிகத் தேடல், பரதவனுக்கு வந்த நட்டம் சந்தர்ப்பவாதம் என்று பிரிப்பது வரலாறு ஆகாது. அது மேட்டுக்குடிப் பார்வை.

இனி வலையை விட்ட அந்த நால்வரிடம் திரும்புவோம். மத்தேயுவோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு அவர்கள் ஒரே நொடியில் மாறிவிட்டவர்கள். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைத் திறந்தால், சிலுவையும் உயிர்ப்பும் நடந்து முடிந்தபின், பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். படகும் இருக்கிறது, வலையும் இருக்கிறது. மூன்று வருடம் கூடவே நடந்து, ஒரு ராத்திரியில் மூன்று தடவை தெரியாது என்று சொன்னவர் அவர். அந்தக் கரையில்தான், மீன் கரிநெருப்பில் இருக்க, என்னைப் பின்செல் என்ற அழைப்பு அவருக்கு மறுபடியும் வருகிறது. முதல் பதில் போதும் என்றால் இரண்டாவது அழைப்பு எதற்கு? முத்துக்குளித்துறைக்கும் அப்படித்தான் அழைப்பு திரும்பத் திரும்ப வந்தது: 1536-ல் படையோடு, 1542-ல் மணியோசையோடு, 1579-ல் அச்செழுத்தோடு, 1658-ல் பூட்டிய கோயில் கதவோடு. முதல் பதிலை மட்டும் எடுத்து எடைபோடுவது முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுவது போல. முதல் பதில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. நாலாவது பதிலைப் பாருங்கள் என்பதுதான் பேரம் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது.

முக்குவரின் வழிவந்தவர்கள் இன்று தோப்பும்படியிலிருந்து கிளம்பினால் பல வாரங்கள் கழித்தே கரை காண்பார்கள். அப்படிப் போயிருந்த படகுகள் பல கடலில் இருந்தபோதுதான் 2017-ல் ஒக்கிப் புயல் வந்தது. மேலே சொன்ன எட்டு ஊர்களில் இழப்பு மிக அதிகம். புயல் குமரிக் கடலைத் தாக்கிய நாள் நவம்பர் 30. முதலில் அழைக்கப்பட்ட மீன்பிடிகாரரான அந்திரேயாவின் திருநாள் அது. கலிலேயக் கடலோரத்தில் நால்வர் வலையை விட்டுப் பின்சென்ற பகுதிதான் அன்று லத்தீன் திருவழிபாட்டில் வாசிக்க வேண்டிய நற்செய்தி.